இடப்பக்கத்து முகம்

ராத்திரி ஒன்பதுக்கு வைரக்கண்ணு வந்தார்.
பத்துக்கு எட்டில் ஃபிளெக்ஸ்.
வலப்பக்கம் கும்பிட்ட கையோடு அவர்,
இடப்பக்கம் முட்டை வடிவில் ஒரு வெற்றிடம்.
'துணைத்தலைவருக்கு இடம் விட்டு வை,
ஆள் யாருன்னு அப்புறம் சொல்றேன்.'

நீடாமங்கலம் கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கிவிட்டது.
எனக்கு மட்டும் விளக்கெரிகிறது,
வாய்க்கால் சங்கத் தேர்தலுக்காக.

பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் முதல் முகம்:
மைத்துனர் தனுஷ்கோடி.
இருபது வருஷமாய் இவர் வண்டியில் பின்சீட்டு.
எந்தக் கூட்டத்திலும் முதல் கைதட்டல் அவருடையது.
ஒட்டிப் பார்த்தேன்.
அதே மீசை, அதே திருநீறு, அதே தெரு.
ஒரே ஆளை இரண்டு தடவை அச்சடித்த மாதிரி.
'எடுத்துடு' என்றார் ஃபோனில்.
'அவன் ஓட்டு எப்படியும் எனக்குத்தான்.'

அடுத்து அரிசி ஆலை குப்புராஜ்.
ஸ்டுடியோப் படம், விரல் தடிமனில் சங்கிலி.
மொத்தச் செலவும் அவருடையதாம்.
அவரை வைத்ததும் வைரக்கண்ணு
சொந்த வீட்டுக் கல்யாணத்தில்
பந்தியில் இடம் கிடைக்காதவர் போல் ஆகிவிட்டார்.
'அவரைக் கொஞ்சம் சின்னதாக்கு.'
ஆக்கினேன்.
சங்கிலி சின்னதாகவில்லை.

பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை.
வெற்றிடத்தின் வழியே
பின்னணிக்குப் போட்ட வயல் தெரிந்தது.
தலைமடைப் பச்சை. நான் எடுத்த படம்தான்.
அங்கிருந்து கீழே முப்பது கிலோமீட்டர்
என் ஃபிளெக்ஸ் எதிலும் வந்ததில்லை.

ஒன்றரை மணிக்கு அவரே வந்தார்,
சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.
கையில் பயிர்க்காப்பீட்டு விண்ணப்பத்தின் ஜெராக்ஸ்,
மூலையில் தபால்தலை அளவில் ஒரு பெண்.
பவுனம்மாள். கடைமடை.
போன புரட்டாசியில் இவர் ஜீப்பை மறித்து
பானெட்டின் மேல் மண்வெட்டியை வைத்துப் பேசியவள்.

நான் எதுவும் கேட்கவில்லை.
'அறுநூறு ஓட்டு கிடக்கு அங்க' என்றார்.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல்,
'அன்னிக்கு அவ சொன்னதுல பொய்யும் இல்ல.'
இரண்டில் எது காரணமென்று எனக்குத் தெரியாது.
அவருக்கும் தெரிந்திருக்காது.

படத்தைப் பெரிதாக்கினேன்.
புள்ளி புள்ளியாய் உடைந்தது முகம்.
கண் மட்டும் உடையாமல்
பக்கவாட்டில், நேராக அவரைப் பார்த்தது.
'ஊரைப் பார்க்கிற மாதிரி திருப்ப முடியாதா?'
'படமே அப்படித்தான் சார்.'
'சரி, இருக்கட்டும்.'

நாலரைக்கு ஒரு புது நம்பர்.
'தம்பி, எம் பேரு எழுத்து எவ்வளவு உசரம்?'
தலைவருக்கு ஒரு அடி,
உங்களுக்கு மூன்று அங்குலம் என்றேன்.
சிரித்தாள்.
'தண்ணியும் அந்தக் கணக்குலதான் வருது.'

விடியும்போது வாங்கிப்போக வந்தவர்
தனுஷ்கோடி. தனியாக, வண்டியோட்டி.
தரையில் விரித்துப் பார்த்தார்.
முட்டைக்குள் கொஞ்சநேரம் எதையோ தேடினார்.
பிறகு ஈரம் காயாத மையில் கை படாமல் சுருட்டி
முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டு,
'முத்துப்பேட்டை ரோடு வரைக்கும் கட்டணும்,
கயிறு இருக்கா?' என்றார்.