பெஞ்ச் டிக்கெட், ஒன்று

படப்பெட்டிக்குப் பின்னாலேயே போகிற வேலை எனக்கு.
ரெப் என்பார்கள்.
விற்ற டிக்கெட்டும் உட்கார்ந்த தலையும்
ஒன்றுதானா என்று எண்ணி
இரவோடு இரவாகக் கம்பெனிக்குக் கணக்கெழுத வேண்டும்.
திரைக்கு முதுகு காட்டி நின்றே
முந்நூறு படம் முடித்தவன்.

வீரவநல்லூர் செண்பகா டாக்கீஸில்
அந்தத் தீபாவளிக்கு வெட்டுக்குத்துப் படம்.
கை போகும். தலை போகும்.
திரையெல்லாம் சிவப்பாய்த் தெறிக்கும்போது
முன்வரிசையில் முறுக்கு நொறுங்கும்.
கொடைக்குக் கிடா விழும்போது
வாளியோடு பக்கத்தில் நிற்கிற ஊர்,
சாயத் தண்ணிக்கா பயப்படும்?
படம் விட்டதும் சும்மா சொன்னேன்,
மொத்தம் இருபத்தேழு கொலை.
பெஞ்சிலிருந்து வந்தவன் திருத்தினான்:
"இருபத்தெட்டு அண்ணாச்சி.
பாலத்துக்கு அடியில ஒருத்தன விட்டுட்டீய."
சரிதான்.
எண்ண முடிகிற சாவு
யாரையும் ஒன்றும் செய்வதில்லை.
எதிர்க் கடையில் ஒரே கூட்டம்,
சால்னா இன்னுங் கொஞ்சம் ஊத்துல என்று.

தை கடைசியில் இன்னொரு பெட்டி வந்தது.
தெரிந்த முகம் இல்லை. பாட்டு இல்லை.
இரண்டாம் ஆட்டத்தில்
முறுக்குச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான்
முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு வீடு. புருஷன், பெண்டாட்டி.
சாப்பிட்டு முடிக்கிறார்கள்.
அவள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்க்கிறாள்:
மூன்று.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இசைகூட.
மறுநாளும் மூன்று.
அதற்கு மறுநாள் இரண்டைத்தான் கழுவினாள்.
மூன்றாவது
முன்னமே ஈரமாக இருந்தது.

லாரி ஓட்டுகிற உச்சிமாகாளி,
ஆரல்வாய்மொழிக் கணவாயில் நசுங்கிக் கிடந்தவர்களை
நடுராத்திரி தனியாளாய்த் தூக்கிப் போட்டு வந்தவன்,
தரையிலிருந்த காலை மெல்ல எடுத்து
பெஞ்சின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டான்.
அவனைப் பார்த்துப் பக்கத்து ஆளும்.
பிறகு அந்த வரிசையே.

டார்ச் அடித்து எண்ணினேன்.
விற்றது நூற்றுப் பதின்மூன்று.
தலை நூற்றுப் பதினான்கு.
சேரிலிருந்து தரைக்கு ஒருமுறை,
தரையிலிருந்து சேருக்கு ஒருமுறை.
நூற்றுப் பதினான்கு.
வேறு நாளென்றால்
ஒரு டிக்கெட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டிச்
சண்டைக்கு வருகிற முதலாளி பால்வண்ணம் பிள்ளை
அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினார்:
"மடிப்பிள்ளை எதையாவது சேத்து எண்ணியிருப்பீரு."
இருக்கலாம்.
பத்தொன்பது வருஷமாய்
மடிப்பிள்ளைகளை எண்ணாதவன் நான்.
அவர் கவுண்டரைப் பூட்டினார்.
உள்ளே விளக்கை அணைக்கவில்லை.

ஆறே நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.
அன்றைய கணக்கில் நான் நூற்றுப் பதினான்கு என்றெழுதி
பெஞ்ச் டிக்கெட் ஒன்றுக்கு
மூன்று ரூபாய் நாற்பது காசு
என் சட்டைப் பையிலிருந்து கட்டினேன்.

லாட்ஜுக்குப் போகிற தெருவில்
ஓரமாகவே நடந்தேன்,
பக்கத்தில் ஓர் ஆள் வருகிற அளவுக்கு
இடம் விட்டு.