பேரில்லாவெளியில் அறுபதாவது மீட்டர்

ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பை.
பைக்குள் ஒரு கைப்பிடி கல்மாவு.
மேலே என் கையெழுத்தில்
இலக்கம், ஆழம், நிறம்.
நான்கு மீட்டர் வரைக்கும் செம்மண்ணும் சரளையும்.
மறுகா முழுக்கக் கல்.

"என்ன மிஸ், டைனோசர் ஏதும் ஆப்பிட்டா?"
எந்திரத்தை நிறுத்தாமல் கத்துகிறார் முகைதீன்பாவா.
ஓட்டமாவடியில் அவர் மகள்
கழுத்து நீண்ட ஒன்றை வரைந்து
லொறிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.
பச்சை நிறம். கண்ணுக்கு இமைமயிர் வேறு.

இல்லை பாவா.
இந்தக் கல்லுக்கு வயது நூறு கோடி.
அதுகள் வந்தது நேற்று,
போனது இன்று விடிய.
எலும்பைப் பொத்தி வைக்கச் சேறு வேண்டும்,
ஆறு கொண்டுவந்து மேலே மேலே
மணலைப் போட வேண்டும்.
இது ஆழத்தில் வெந்து மடிந்த பாறை,
ஒரு மட்டியோட்டைக்கூட வைத்திருக்காது.

ஆனாலும் இந்தத் தலைக்கு மேலே எங்கோ
அதுகள் நடந்திருக்கும்.
கல்குடாவில் அப்போது கடலில்லை.
அண்டார்டிக்கா பனியில்லாமல், காடாய்,
கூப்பிடு தூரத்தில்.
இலை தின்றபடியே ஒரு கூட்டம்
ஒரு சோதனைச்சாவடியும் மறிக்காமல்
மடகஸ்கார் வரைக்கும் போயிருக்கலாம்.

பிறகு தரை கிழிந்தது.
பத்தகோனியாவுக்கு ஆளுயரத் தொடையெலும்பு.
தன்சானியாவுக்கு உயர்ந்த தோள்.
அண்டார்டிக்காவுக்கு, தேடித் தேடி,
வாலில் ஒரேயொரு கணு.
கோதாவரிக் கரையில் ஆறு உடல்
ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன,
சில பற்கள் உண்டு, தலை ஒன்றுமில்லை.
அரியலூரில் தோண்டிய பேரெலும்பு
மழை குடித்து உதிர்ந்தே போனது;
கோட்டுப்படம்தான் மீதி.
எங்கள் பங்கு
உரிந்து, அரைந்து,
எந்தக் கடலடியிலோ.

"தலை ஏன் இல்ல?"

தெய்வானைப்பிள்ளை.
அவள் வளவில்தான் துளைக்கிறோம்.
விடிந்ததிலிருந்து வேலிக்கட்டையைப் பிடித்தபடி
ஒவ்வொரு பையையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.
தண்ணீருக்காக என்று நினைத்திருந்தேன்.

தலை சின்னது, சொன்னேன்,
கழுத்தோடு பிடிப்புக் குறைவு.
செத்தால் முதலில் அதுதான் கழன்று
வெள்ளத்தோடு போகும்.

சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது என் காதில் விழுந்தது.
முகைதீன்பாவா எந்திரத்தை நிறுத்தினார்.

அவள் முகம் மாறவில்லை.
முதல் நான்கு பைகளைக் காட்டி,
"அதுக்குள்ள வடிவாப் பாத்தயா புள்ள?" என்றாள்.

சாக்கை விரித்துக் கொட்டினேன்.
மூன்று பேரும் குந்தியிருந்து கிளறினோம்.
செம்மண். சரளை. நாவல் வேர்.
போத்தல் துண்டொன்று.
ஒரு வெள்ளைக் கல்லைப் பாவா எடுத்துத் துடைத்தார்,
வெயிலில் பிடித்துப் பார்த்தார்,
படிகக் கல், என்று மெல்லச் சொல்லி
என் உள்ளங்கையில் வைத்தார்.

புதைபடிவம் என்று படிவத்தில் ஒரு கட்டம்.
எப்போதும் குறுக்கே கோடு கிழிப்பேன்.
இன்று பேனா மூடியபடி.

அறுபதாவது மீட்டரில் பாறை பிளந்திருந்தது.
தண்ணீர் சாம்பல் நிறமாய்ப் பீறி வந்தது,
பாவாவின் சாரம் நனைந்தது, அவர் சிரித்தார்,
பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவள் வாளியை வைத்துவிட்டுக் கேட்டாள்:
"அந்த அரியலூர் எலும்பு,
கரைஞ்சு போச்சே,
அதுக்குப் பேர் வெச்சாங்களா?"

வெச்சாங்க, என்றேன்.

"அப்ப சரி."

வாளி நிரம்பி வழிந்தது.
அவள் அதைத் தூக்கவில்லை,
தண்ணீர் தெளியட்டும் என்று நின்றாள்.