பாடி வளைவில் கத்தரிக்காய்

நாற்பது என்று முள் சொல்லும்.
எதற்கு நாற்பது என்று அது சொல்லாது.

அம்பத்தூரிலிருந்து கோயம்பேட்டுக்கு
விடியுமுன் ரத்தம் கொண்டுபோகிறவன் நான்.
ரத்தம் என்றால், குப்பிகளில்.
பின்னால் கட்டிய ஐஸ் பெட்டிக்குள்
யார் யாருடையதோ சர்க்கரை, யார் யாருடையதோ உப்பு.
வண்டி சாய்ந்தால் பெட்டியும் சாயும்,
ஒரு கணம் பிந்தி.
அந்த ஒரு கணத்தை
ஏழு வருஷமாக இடுப்பால் கணக்கிடுகிறேன்.

பாடி மேம்பாலத்தின் சுற்று
இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும்.
முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்
இன்னும் கொஞ்சம் திரும்பும்,
கடன் தீர்ந்த மாதத்தில்
வட்டி வந்து நிற்பதுபோல.
உட்புறம் அரளிப் புதர். அதற்கு அப்பால்
என்ன இருக்கிறதென்று அரளிக்குத்தான் தெரியும்.
வலது ஓரமாக நுழைந்தால்
நாலடி கூடுதலாகத் தெரியும்;
அந்த நாலடியை ஷேர் ஆட்டோ கேட்கும்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்:
சாலையின் இரண்டு ஓரங்களும்
தூரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் அந்தப் புள்ளி.
அது என்னைவிட்டு விலகி ஓடினால்
வளைவு அவிழ்கிறது, கொஞ்சம் முறுக்கலாம்.
ஓடாமல் நின்று
என்னை நோக்கி வளர்ந்தால்
வளைவு இறுகுகிறது.
நிமிர்ந்திருக்கும்போதே பிரேக், ஒரு கியர் கீழே,
அப்புறம்தான் சாய்வு.

தெரிகிற தூரத்துக்குள் நின்றுவிட வேண்டும்.
அவ்வளவுதான் கணக்கு.
இந்த ஊரில் அந்தக் கணக்கில்
தினம் ஒரு கழித்தல்:
தண்ணீர் லாரி சிந்திக்கொண்டே போன கோடு,
மெட்ரோக்காரர்கள் போட்டுவிட்டுப் போன இரும்புத் தகடு,
எம்-சாண்ட்,
முதல் மழை கிளப்பிவிட்ட பழைய டீசல்,
தரையில் வெள்ளைப் பெயின்ட் அம்பு. நனைந்துவிட்டால்
அது காட்டும் திசையில் யாரும் போவதில்லை.

ஜெயசீலன் நன்றாகவே ஓட்டுவான்.
இதே சுற்றை எழுபதில் எடுத்தேன் என்பான்
டீக்கடையில், தேய்ந்த பூட்ஸ் முனையைக் காட்டி.
எடுத்தது உண்மை.
அன்றைக்கு அங்கே யாரும் இல்லை என்பதும் உண்மை.
இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டான்.
இப்போது ஆவடி கிளையில்
உட்கார்ந்து செய்கிற வேலை.

போன வியாழன், நாலு நாற்பது.
முப்பதுக்கும் கீழே இறங்கி, இரண்டாம் கியரில்,
பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரனிலேயே திட்ட,
நுழைந்தேன்.
புதர் விலகியது.
சாலை முழுக்கக் கத்தரிக்காய்.
இருட்டின் நிறத்தில், உருண்டு உருண்டு,
திருவள்ளூர் லோடில் அவிழ்ந்த மூட்டை.
நடுவில் குத்துக்காலிட்டு ஒருவர்
லுங்கி மடியில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும்.
அவரைப் பார்க்கவில்லை.
காய்களுக்கு நடுவே மிச்சமிருந்த தாரைப் பார்த்தேன்.
நிமிர்த்தினேன். பிடித்தேன்.
பெட்டி ஒரு கணம் பிந்தி வந்து
முதுகில் மோதியது.

முன்சக்கரத்துக்கும் அவருக்கும் நடுவே
ஒரு ஆள் படுக்கலாம்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"லைட்ட இந்தப் பக்கம் காட்டு" என்றார்.
காட்டினேன்.
ஆட்டோக்காரர் திட்டுவதை நிறுத்தாமலே
வளைவின் வாய்க்குப் பின்னால் போய்
இண்டிகேட்டரைப் போட்டுக் குறுக்கே நின்றார்.

ஏழு வருஷமாக ஒவ்வொரு திருப்பத்திலும்
நான் காலியாக விட்டுவைத்த இடம்
இவருடையது என்று
அவருக்குத் தெரியாது.
காயைத் தட்டித் தட்டி
சொத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபில் பதினொரு நிமிஷம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
கத்தரிக்காய் என்று எழுதச் சொன்னேன்.
பெனாசிர் என்னை ஒருமுறை பார்த்தாள்.
டிராஃபிக் என்று எழுதினாள்.