முப்பது மீட்டர் நூல்

ழோஸ்லின் கார்ப்பாய் கொண்டுவந்த புட்டி
என் சுண்டுவிரல் உயரம்.
மேலே பிளாஸ்டர் ஒட்டி நீலப் பேனாவில்
இஞ்சி, ப்ளேன் தே க்ரெக், புதுசு.
புதுசின் கீழே இரண்டு கோடு.

வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிட்டானாம்,
சேன் தெனியில் சாக்லேட் செய்கிறவன்.
நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து
எரியவில்லை, இது இஞ்சியே இல்லை என்றானாம்.
இஞ்சி தின்ன ஆசைப்பட்டு
ஏமாந்துபோன குரங்கின் முகத்தை
சேன் பியேர் ஆய்வகத்தின் நடுவில் நின்று
எனக்கு நடித்துக் காட்டினாள்.

ஒரு மைக்ரோலிட்டர் எடுத்தேன்,
கொசு குடிப்பதைவிடக் குறைவு.
கருவிக்குள் முப்பது மீட்டர் கண்ணாடி நூல்
முடியளவுத் துளையோடு சுருண்டு கிடக்கிறது.
அடுப்பு அறுபது டிகிரியில் தொடங்கி
நிமிடத்துக்கு மூன்றாக ஏறும்.
கனமில்லாதவர்கள் முதலில் வெளியேறுவார்கள்.

பைனீன்.
பின்னாலேயே காம்ஃபீன்,
கற்பூரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.
சினியோல், தைலப் புட்டி திறந்த மூக்கு.
அப்புறம் வெகுநேரம் வெறும் கோடு.
பிறகு எலுமிச்சை வாசத்தோடு இரட்டையர்,
நெரால், ஜெரேனியல்.
அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.
பஸ் நாலேகாலுக்கு.

முப்பத்துநாலாம் நிமிடம் மலை வந்தது.
ஸிஞ்சிபெரீன்.
அறிக்கையில் அதை எழுதும்போதெல்லாம்
எனக்குள்ளிருக்கும் காரைக்கால்காரி
இஞ்சிவேர் என்றுதான் வாசிக்கிறாள்.
ழோஸ்லினிடம் சொன்னேன்.
அதனால் லிட்டருக்கு எவ்வளவு கூடும் என்றாள்.

காரம் எங்கே என்று கேட்டாள்.
காரம் கனமானது, நீராவியின் தோளில் ஏறாது.
உங்கள் செம்புக் கொப்பரை வடித்தது வாசனையை மட்டும்.
எரிச்சல் மொத்தமும் அடியில், வெந்த சக்கையோடு.
சக்கையை என்ன செய்தீர்கள்?
"பன்றிக்குப் போட்டேன். தொட்டியைக் கவிழ்த்துவிட்டது."
பாருங்கள், சாட்சி இருக்கிறது.
சிரித்தாள். நானும்.

ஆனால் மலைக்கு முன்னால்
ஒரு குன்று நின்றது.
கர்க்யூமீன், மஞ்சளிடம் பெயர் இரவல் வாங்கியது.
அவள் ஊர் மஞ்சளுக்குப் பேர்போனது,
அதனால் அவளுக்கு அதைப் பிடித்திருந்தது.
எனக்குப் பிடிக்கவில்லை.
காற்று பட்டு நாளானால்
ஸிஞ்சிபெரீன் கொஞ்சம் கொஞ்சமாக
தன்னை விட்டுக்கொடுத்து இதுவாகிறது.
புதிய எண்ணெயில் குன்று
மலையின் முழங்காலுக்கு வரும்.
இதில் தோளைத் தொட்டது.

எப்போது வடித்தது?
"எழுதியிருக்கிறேனே."
இரண்டு கோடு.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மூடியைத் திருகித் திருகித் திறந்தபடி சொன்னாள்.
புயலில் சாலை இடிந்துபோன வருஷம்.
ஆறு லிட்டர். வாங்க ஆள் மேலே ஏறி வரவில்லை.
கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.
இந்த வருஷம் வாடல் நோய்.
மண்ணைக் கிளறினால் கிழங்கு விரலில் கூழாகிறது.
"எண்ணெய் அழுகாது, இல்லையா?"

அழுகாது.
வயதாகும்.

அறிக்கையில் கட்டங்கள் உண்டு.
ஸிஞ்சிபெரீன் பதினேழு சதவீதம்,
கர்க்யூமீன் பதினான்கு.
உள்ளதை உள்ளபடி நிரப்பினேன்.
கலப்படம்: இல்லை.
அடிக்குறிப்பில், யாரும் கேட்காமலே,
காரமின்மை இந்த எண்ணெயின் இயல்பு, குறை அன்று.
புதுசு என்பதற்குக் கட்டம் கிடையாது.
இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
வாசிக்கத் தெரிந்தவன்
வயதைக் கண்டுபிடித்துக்கொள்வான்.
சாக்லேட்காரனுக்குத் தெரியாது.
தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

கையெழுத்து காய்வதற்குள்
காகிதத்தை மடித்துக்கொண்டு ஓடினாள்.
பஸ் கிடைத்ததா, தெரியவில்லை.

இரவு துவையலுக்கு ஒரு துண்டு எடுத்தேன்.
தோல் நஞ்சு என்பார்கள் எங்கள் வீட்டில்.
எண்ணெயில் பெரும்பங்கு
அந்தத் தோலுக்குச் சற்றுக் கீழேதான்.
கத்தியை எவ்வளவு ஆழம் வைப்பது என்று
கொஞ்ச நேரம்
முடிவுக்கு வர இயலவில்லை.