தொண்ணூறு நாள்

எட்டு சதவீதம் என்றாள் குஸ்தோடியா,
சமையல் மேசையில் ஆண்டறிக்கையை விரித்து.
வங்கி இரண்டு தருகிறது,
அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு.
ஓடு ஆலை மூடியபோது அவளுக்குக் கொடுத்த
பதினோராயிரம் யூரோ
எட்டு மாதமாய்க் கணக்கில் கிடக்கிறது,
கிளம்ப மனமில்லாத விருந்தாளி போல.

அஞ்சல் கம்பெனியின் பங்கு ஒன்று ஆறரை யூரோ.
வருஷத்துக்கு ஈவு ஐம்பத்திரண்டு சென்ட்.
கணக்கு சரிதான், எட்டு.
மூன்று வருஷத்துக்கு முந்தைய தாளைத் தேடி எடுத்தேன்.
அப்போதும் ஈவு ஐம்பத்திரண்டுதான்,
விலை பதின்மூன்று.
ஈவு ஒரு விரற்கடை வளரவில்லை.
தரை இறங்கிப்போனதால்
உயரமாய்த் தெரிகிறது.

நாற்பத்தொன்றாம் பக்கம், சின்ன எழுத்து:
பங்குக்கு லாபம் நாற்பத்து நான்கு.
நாற்பத்து நான்கு சம்பாதித்து
ஐம்பத்திரண்டுக்குப் பந்தி போடுகிறார்கள்.
விதைநெல்லை அவித்து விருந்து.
மீதி எட்டு எங்கிருந்து வருகிறது, கேட்டேன்.

கடன், என்றாள் நிமிராமல்.
ஆனால் கட்டடங்களையும் பார்.
இருபத்தாறு வருஷம் ஆலைக் கணக்கெழுதியவள்,
விரல் தானாகவே சரியான வரியில் போய் நிற்கிறது.
சதுக்கத்து அஞ்சலகம், நீல ஓடு பதித்த முகப்பு,
புத்தகத்தில் அதன் மதிப்பு ஒரு பழைய வேன் விலை.
நாளைக்கே விற்றால் ஹோட்டல்காரர்கள் வரிசையில் நிற்பார்கள்.
நாடு முழுக்க இப்படி எத்தனை இருக்கும்?
நீ பிரேக்கை மட்டும்தான் பார்க்கிறாய், பெல்மீரோ.

பிரேக்கைத்தான் பார்க்கிறேன்.
அகெடா முழுக்க ஓடும் அவர்களுடைய மூன்று சக்கர மின்வண்டிகள்
ஆறு மாதத்துக்கொரு முறை என் பட்டறைக்கு வரும், முன்பு.
இப்போது இரும்பு இரும்பைத் தின்கிற சத்தம்
தெரு முனையில் கேட்ட பிறகுதான் வருகின்றன.
அறிக்கையில் அதற்குப் பெயர்
‘பராமரிப்புச் செலவில் ஒழுங்கு’.
கடிதம் குறைந்தது, பெட்டி கூடியது என்று
வண்ணப்படம் போட்டுப் பெருமைப்படுகிறார்கள்.
கடிதத்தில் லாபம் இருந்தது,
பெட்டியில் எடை இருக்கிறது,
என்கிறாள் எவுலாலியா,
இருபது கிலோ நாய்த்தீனியோடு மூன்றாம் மாடி ஏறி இறங்கியவள்.

திங்கட்கிழமை அவளே கொண்டுவந்தாள்
எனக்கொரு கடிதம், கம்பெனியிடமிருந்து.
மதிப்புக்குரிய வழங்குநரே,
பில் தொகை இனி அறுபது நாளில் அல்ல,
தொண்ணூறு நாளில்.

சுவர்க் கம்பியில் குத்தியிருந்த பில்களை எடுத்துக் கூட்டினேன்.
நாலாயிரத்து முந்நூறு.
அந்த எட்டு சென்ட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், குஸ்தோடியா.
கடன் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்,
வட்டி இல்லாமல்,
கூட்டத்தில் கைதூக்க ஒரு பங்குகூட இல்லாமல்.

அவள் சிரித்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு.
அப்படியானால் வாங்கிவிடுவோம்,
நம் பணம் நமக்கே வரட்டும்.

பிறகு உறையின் முதுகில் நாங்கள் எழுதியது இது:
ஈவைப் பாதியாய் வெட்டும் நாள் ஒன்று வரும்.
எட்டுக்காக வந்தவர்கள் எல்லாம் அன்று ஓடுவார்கள்.
விலை நான்குக்கு இறங்கினால்,
இருபத்தாறு சென்ட் என்பது ஆறரை சதவீதம்,
லாபத்துக்குள் அடங்கிய ஈவு.
அதுவரை நீல ஓட்டை விற்றுத் தின்னாமல் இருந்தால்.
‘இருந்தால்’ என்பதன் கீழ்
அவள் இரண்டு கோடு போட்டாள்.

வெளியே எவுலாலியா காத்திருந்தாள்.
உத்தரவுச் சீட்டில்: இறுக்கித் தந்தால் போதும்,
புதுக் கட்டை வேண்டாம்.
அவள் இறங்க வேண்டியது தேவாலயச் சரிவு,
மழை வேறு பிடித்துவிட்டது.
புதுக் கட்டையே போட்டேன்.
பில்லில் எழுதினால் தொண்ணூறு நாள்.
எழுதாவிட்டால் என்றைக்குமே இல்லை.
எழுதினேன்,
கட்டை இரண்டு, கூலி தனி.