முப்பது காசு

கொம்தார் பேருந்து நிலையக் கழிப்பறையில்
முப்பது காசு கொடுத்துவிட்டு
இன்றைக்கும் போய் நின்றேன்.
ஒன்றும் வராது என்று தெரியும்.
பதினாலு மாதமாக ஒரு சொட்டு இல்லை.
பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன்,
பீலியைத் திறந்துவிட்டது போல.
விசில் வேறு.
அவனை அறையலாம் போலிருந்தது,
கும்பிடலாம் போலவும்.

இருபத்தாறு வருஷம் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான்.
ஆயர் ஈத்தாம் மேட்டிலிருந்து ஜெலுத்தோங் கரைவரை
எந்த வீட்டு நாய் கடிக்கும்,
எந்த வீட்டுக் குழாய் ராத்திரியில் ஒழுகும்,
எல்லாம் அத்துபடி.
ஆளில்லாத வீட்டில் முள் நகர்ந்தால்
கசிவு என்று எழுதிக் கதவில் செருகுவேன்.
என் காலைக் கட்டைவிரலால் அழுத்த
குழி விழுந்து அப்படியே நின்றபோது மட்டும்
பூட்ஸ் இறுக்கம் என்றேன்.
மூத்திரத்தில் நுரை.
சோப்புத் தண்ணி ஊத்தினியா என்று
தவமலரைத்தான் கேட்டேன்.

டாக்டர் தாளில் இரண்டு அவரைக்கொட்டை வரைந்தார்.
ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர்
இவற்றில் வடியுமாம்.
வடிந்ததில் வேண்டியதைத் திரும்ப எடுத்து
உப்பு இவ்வளவு, சர்க்கரை மொத்தமும் என்று
உள்ளே அனுப்பிவிட்டு
ஒன்றரை லிட்டரை வெளியே விடுமாம்.
ஐம்பத்து மூன்று வருஷத்தில்
ஒரு மாதமாவது பில் அனுப்பியிருந்தால்
கவனித்திருப்பேன்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி.
நான்காம் நாற்காலி, நாலு மணி நேரம்.
முதலில் மிஸ்ஸி குணவதி எடை பார்ப்பாள்.
"மூணு கிலோ ஏறியிருக்கு. என்ன குடிச்சீங்க?"
மழையைப் பார்த்தேன் என்பேன்.
அவள் சிரிக்கமாட்டாள்.
நாளுக்கு அரை லிட்டர். அதில்
ரசமும் கணக்கு, ஐஸ் கட்டியும் கணக்கு.
இளநீர் பேச்சே கூடாது.
நட்சத்திரப்பழம் கண்ணுக்கு மட்டும்.
ஐந்தாம் நாற்காலி அங்கிள் ஹோக் செங்
ஆறு துண்டு தின்றுவிட்டு
விக்கல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்.
திரும்பி வந்தார்.
மூன்றாம் நாற்காலிக்கு
இப்போது வேறு ஆள்.

இடது கையில்
தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம்
பூனை மாதிரி உறுமிக்கொண்டே இருக்கிறது.
தூக்கம் வராத ராத்திரியில் தவமலர்
அதில் காது வைத்துப் படுப்பாள்.
"ஓடுது" என்பாள்,
மீட்டர்காரன் பெண்டாட்டி.

முப்பது காசு விஷயத்தை
அவளிடம் சொல்லவில்லை.