கரையில் நிற்க வேண்டிய வத்தை

மண்டபம் வடகரை. ஐஸ் கம்பெனி ஆபீஸ்.
படகுக் கணக்கு மொத்தமும் சுமக்கிற பழைய கணினிக்குப்
புதுக் கெர்னல் கட்டுகிறேன்.

நீலத்திரையில் கேள்வி மேல் கேள்வி:
டேப் வேண்டுமா, ஃபிளாப்பி வேண்டுமா,
என்றைக்கோ மூடிய கம்பெனிகளின் கண்ட்ரோலர்கள் வேண்டுமா.
வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.
நண்டு வலையில் ஏறிய பாசியை
உதறுகிற கை.

சாட்டா வந்தது.
உள்ளே சேர்க்காமல்
மாட்யூல் என்று குறித்தேன். சிக்கனமாம்.

இரண்டு மணி நேரம் ஓடியது கம்பைல்.
வெளியே வாடை.
உப்பேறிய ஃபேன் தன் பங்குக்கு முனகியது.

ரீபூட்.
ரூட் ஏறவில்லை. பேனிக்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது:
வட்டைப் படிக்கத் தெரிந்த மாட்யூல்
அந்த வட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

ஐஸ் எடுக்க வந்த கிறிசோஸ்தம் எட்டிப் பார்த்தார்.
சொன்னேன். சிரித்தார்.
"போன மாசி நானும் இதத்தான் செஞ்சேன்.
வத்தைய போட்டுலயே கட்டிட்டு
அடுத்தவன் வத்தையில கரைக்கு வந்துட்டேன்.
விடியக்காலம் போட்டுக்குப் போக
வத்தை அங்க நிக்கிது, நான் இங்க நிக்கிறேன்."

"அப்புறம்?"

"நீந்துனேன்."

நல்லவேளை, பழைய கெர்னலை அழிக்கவில்லை.
அதில் ஏறிப் போய்
சாட்டாவுக்கு நேரே ஆம் போட்டேன்,
கோப்பு முறைக்கும் ஆம்.
மறுபடி இரண்டு மணி நேரம். மறுபடி ஃபேன்.

நாலேகாலுக்கு எழுந்தது.
வரிகள் ஓடின, வட்டு தெரிந்தது, பேரேடு திறந்தது.
முதல் பக்கத்திலேயே கிறிசோஸ்தம்,
ஐஸ் பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பது.

குனிந்து பார்த்தார்.
"இது அழியலையாக்கும்."